ஐசியை மாற்ற முன் சப்ளையைத் தனியாகப் பாருங்கள்

வீட்டில் கட்டிய அம்ப் (அம்ப்ளிபயர்) சத்தம் போடாவிட்டாலும் சரி, ஓயாமல் இரைந்தாலும் சரி, எங்கள் பொடியன்கள் முதலில் கை வைப்பது ஐசியில்தான். எரிந்ததைக் கழற்றிப் புதிதொன்றை ஈயம் வைத்துக் கரண்டைப் போடுவார்கள். அதுவும் போட்ட கையோடு புகைந்துவிடும். திருகோணமலையில் இருந்துகொண்டு இப்படிச் செய்வது பெரிய நட்டம். நல்ல ஐசி வேண்டுமென்றால் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தெரிந்த ஒருவரைப் பிடித்து, எடுத்து பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லிக் காத்திருக்க வேண்டும். முதல் ஐசியைக் கொன்றது சப்ளை, அதாவது சுவர்க் கரண்டை டிசியாக்கி அம்ப்புக்குக் கொடுக்கும் பகுதி, என்றால், இரண்டாவதையும் அது விடாது.

நான் உப்புவெளியில் இருந்து வீட்டு செட்டும் கோவில் செட்டும் கட்டிக் கொடுக்கிறேன், திருத்தியும் கொடுக்கிறேன். எந்த செட் மேசைக்கு வந்தாலும் சப்ளையில் இருந்து அம்ப் போர்ட்டுக்குப் போகும் பிளஸ், மைனஸ், கிரவுண்ட் மூன்று வயரையும் முதலில் கழற்றிவிடுவேன். சப்ளை தனியாக நின்று சரியான வோல்டேஜைத் தந்து, பாரம் ஏற்றினாலும் தளராமல் நின்றால்தான் அம்ப் பக்கம் திரும்புவேன். கீழே வருவதெல்லாம் அந்த ஒழுங்கில்தான். 12-0-12 ட்ரான்ஸ்போமரும் (நடு வயரில் இருந்து இரு பக்கமும் 12 வோல்ட்) டிடிஏ2030 ஐசியும் போட்ட சின்ன செட், 24-0-24 டொரொயிட்டும் (வளைய வடிவ ட்ரான்ஸ்போமர்) எல்எம்3886 அல்லது டிடிஏ7294 ஐசியும் போட்ட பெரிய செட், இரண்டையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் முதலில். சுவரில் இருந்து ட்ரான்ஸ்போமரின் முதற்சுற்று வரை 230 வோல்ட். எங்கள் ஊர் வியர்வையில் நனைந்த கை கரண்டை நன்றாகக் கடத்தும். செருப்புப் போடுங்கள், பெட்டிக்குள் கரண்ட் இருக்கும்போது ஒரு கையால் மட்டும் வேலை செய்யுங்கள், வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அமத்திப் பாருங்கள். ப்ளக்கைக் கழற்றினாலும் கப்பாசிட்டர் நிரம்பியபடியே இருக்கும். அதை ஸ்க்ரூ ட்ரைவரால் ஷோர்ட் பண்ணிப் பொறி பறக்கவிடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். கப்பாசிட்டரின் உள் இணைப்பும் போகும், கண்ணும் போகலாம். 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு காலிலும் வயர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். 10,000 மைக்ரோபரட் கப்பாசிட்டர் அதில் ஐந்து விநாடியில் அநேகமாக வெறுமையாகிவிடும். பிறகு மீற்றரை வைத்து உறுதிப்படுத்துங்கள்.

அடுத்தது பல்ப். பழைய இழை பல்ப், 60 அல்லது 100 வாட், ஒரு ஹோல்டரில் போட்டு, சுவரில் இருந்து வரும் லைவ் வயரைத் துண்டித்து அதற்கு இடையில் சீரியலாக வையுங்கள். எல்இடி பல்ப் இதற்கு உதவாது. இழை பல்ப் இப்போது கடைகளில் குறைவு. கிடைக்காவிட்டால் 230 வோல்ட் ஹலஜன் பல்ப் போடலாம். இழை குளிராக இருக்கும்போது அதன் தடை மிகக் குறைவு, சூடானதும் பத்து மடங்குக்கும் மேல் கூடிவிடும். அதனால் செட் நன்றாக இருந்தால் கப்பாசிட்டர் நிரம்பும் நேரம் பல்ப் ஒருமுறை மின்னி, மங்கி, அணைந்த மாதிரி ஆகிவிடும். உள்ளே ஷோர்ட் என்றால் பல்ப் பளிச்சென்று எரிந்துகொண்டே நிற்கும். 100 வாட் பல்ப் எரியும்போது கூடினால் 0.43 அம்பியர்தான் உள்ளே போகும். எதுவும் வெடிக்காது, ஆறுதலாக இருந்து தேடலாம். என் மேசையில் பல்ப் இல்லாமல் எந்த செட்டுக்கும் முதல் கரண்ட் போவதில்லை.

பல்ப் எரிந்துகொண்டே நின்றால், ட்ரான்ஸ்போமரின் வெளிச்சுற்று வயர்களை பிரிட்ஜில் (ஏசியை டிசியாக்கும் நாலு டயோட் கட்டில்) இருந்து கழற்றி, நுனிகளுக்கு டேப் சுற்றி, மறுபடி கரண்டைப் போடுங்கள். இப்போது அணைந்தால் குற்றம் பிரிட்ஜிலோ கப்பாசிட்டரிலோ. இன்னும் எரிந்தால் ட்ரான்ஸ்போமரில். இந்த ஒரு சோதனையே பாதி வேலையை முடித்துவிடும்.

பியூஸும் உப்புக் காற்றும்

கண்ணாடி பியூஸ் போயிருந்தால் எறிய முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே கறுத்து அல்லது வெள்ளி பூசினது போல இருந்தால் பலத்த ஷோர்ட். கம்பி நடுவில் மட்டும் மெல்ல அறுந்திருந்தால், கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிய பாரம் அல்லது தளர்ந்த ஹோல்டரின் சூடு. செட் ஓடும்போது நன்றாக இருந்து, சுவிட்ச் போடும் கணத்தில் மட்டும் பியூஸ் போனால் அது டொரொயிட்டின் ஆரம்ப இழுவை. அதற்குத் தேவை மெதுவாக உருகும் வகை பியூஸ். 300 விஏ டொரொயிட் முழுப் பாரத்தில் இழுப்பதே 1.3 அம்பியர் அளவுதான். அதற்கு 2 அம்பியர் மெது பியூஸ் போடலாம். சிகரெட் தாள் சுற்றுவதும் செப்புக் கம்பி வைப்பதும் வீட்டைக் கொளுத்துகிற வேலை.

எங்கள் ஊரில் பியூஸை விட பியூஸ் ஹோல்டரைச் சந்தேகிப்பதே நல்லது. டச்சு பே பக்கமும் நிலாவெளிப் பக்கமும் கடற்காற்றில் நிற்கும் செட்களில் ஹோல்டரின் பித்தளை வாயில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். மீற்றரைப் பீப்பில் வைத்தால் அழகாகச் சத்தம் போடும், ஏனென்றால் மீற்றர் அனுப்புவது மில்லி அம்பியர் கணக்கு. 2 அம்பியர் இழுக்கும்போது அந்தக் களிம்பு சூடாகி வோல்டேஜைத் தின்னும். பாட்டு மெதுவாகப் போகும்போது செட் நன்றாக இருந்து, தவில் அடிக்கிற இடத்தில் மட்டும் தளர்ந்து கரகரத்தால் முதலில் இதைத்தான் பாருங்கள். சுரண்டிப் பாவிப்பதில் பயனில்லை. ஹோல்டரையே மாற்றுங்கள், மலிவான சாமான். 13 அம்பியர் சதுர ஊசி ப்ளக்கின் உள்ளேயும் ஒரு பியூஸ் இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாரி காலம் முடிந்து பெட்டியைத் திறந்தால் எறும்புக் கூடு, பல்லி முட்டை எல்லாம் இருக்கும். தூரிகையால் துடைத்துவிட்டே தொடங்குங்கள்.

ட்ரான்ஸ்போமர்

மீற்றரை ஓமில் வைத்தால் முதற்சுற்று சில ஓம் தொடக்கம் சில பத்து ஓம் வரை காட்டும், சின்ன ட்ரான்ஸ்போமர் என்றால் கூடவும் இருக்கும். வெளிச்சுற்று ஒரு ஓம் அளவு அல்லது அதிலும் குறைவு. முதற்சுற்று ஒன்றுமே காட்டாவிட்டால் உடனே எறிந்துவிட வேண்டாம். பல ட்ரான்ஸ்போமரில் மஞ்சள் டேப்பின் அடியில் சூட்டு பியூஸ் ஒன்று ஒளிந்திருக்கும். அதுதான் போயிருக்கும். அதே சூட்டு அளவில் இன்னொன்று போடலாம், ஆனால் அது ஏன் சூடாகிப் போனது என்று தெரியாமல் போடக் கூடாது.

பிறகு ஏசி வோல்டேஜ். சென்டர் டேப்பில், அதாவது நடுவிலுள்ள 0 வயரில், மீற்றரின் ஒரு முள், மற்ற முள் ஒவ்வொரு நுனியிலும். இரண்டும் சமனாக வர வேண்டும். தனித்தனியாக இரண்டு வெளிச்சுற்று உள்ள டொரொயிட் என்றால், ஒன்றின் முடிவையும் மற்றதன் தொடக்கத்தையும் சேர்த்ததுதான் சென்டர் டேப். மாறிச் சேர்த்தால் இரு நுனிக்கும் இடையில் 48 வோல்ட்டுக்குப் பதில் பூச்சியம் வரும்.

சாம்பல்தீவில் இருந்து ஒரு பொடியன் பெரிய செட்டோடு வந்தான். "அண்ணை, மூடியைத் திறந்து வைச்சா வடிவா பாடுது. மூடினாப் பியூஸ் போகுது." நல்ல வேலைக்காரப் பொடியன், ஈயம் வைத்த இடமெல்லாம் மினுங்கியது. மூடியின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் சின்ன வட்டமாகப் பெயின்ட் எரிந்து கறுத்திருந்தது. அதற்கு நேர் கீழே டொரொயிட்டைப் பிடிக்கிற நடு ஆணியின் தலை. ஆணியின் அடி பெட்டியின் தரையில், தலை இரும்பு மூடியில். மூடினதும் ஆணி, மூடி, பக்கச் சுவர், தரை எல்லாம் சேர்ந்து டொரொயிட்டின் நடுத்துளை வழியாக ஒரு முழுச் சுற்று ஆகிவிட்டது. ஒரு சுற்றில் வரும் வோல்டேஜ் ஒரு வோல்ட்டிலும் குறைவுதான், ஆனால் தடித்த இரும்பின் தடை கிட்டத்தட்ட பூச்சியம். நூறு அம்பியருக்கு மேலும் ஓடப் பார்க்கும். "தம்பி, ஆணியை அறுத்துக் கட்டையாக்கு, வேறொன்றும் வேண்டாம்" என்றேன். அறுத்தான், மூடினான், பாடியது. டொரொயிட் ஆணியின் மேல்நுனிக்கும் மூடிக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளியாவது இருக்கட்டும். மேல்நுனியில் இருந்து பெட்டிக்கு எந்த வயரும் போகக் கூடாது.

பிரிட்ஜும் கப்பாசிட்டரும்

பிரிட்ஜைக் கழற்றி, மீற்றரை டயோட் குறியில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஏசி காலுக்கும் பிளஸ் அல்லது மைனஸ் காலுக்கும் இடையில் ஒரு பக்கம் 0.5 அளவு, மறுபக்கம் ஒன்றும் காட்டக் கூடாது. இரு பக்கமும் பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் ஷோர்ட். கேபிபிசி3510 போன்ற சதுர பிரிட்ஜில் மூலை வெட்டிய பக்கம் பிளஸ். அதன் எதிர் மூலை மைனஸ். இதை மாறிக் கொழுவினால் கப்பாசிட்டர் வெடிக்கும்.

ஒரு பக்க டயோட் அறுந்துபோனால் செட் ஓடும், ஆனால் பாடும்போது இரையும். நல்ல பிரிட்ஜில் அலைச்சல், அதாவது டிசியில் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கம், 100 ஹேர்ட்ஸ், பாதி போனால் 50.

கப்பாசிட்டர் தலை வீங்கியிருந்தால் சந்தேகமே இல்லை, மாற்ற வேண்டியதுதான். வீங்காமலும் காய்ந்து போகும். இதைக் கண்டுபிடிக்கப் பாரம் ஏற்ற வேண்டும். இதற்கு நான் பாவிப்பது லொறிக்குப் போடும் 24 வோல்ட், 21 வாட் பிரேக் பல்ப். வாகன உதிரிப்பாகக் கடையில் எடுக்கலாம். சின்ன செட்டில் பிளஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் ஒன்று, மைனஸுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் ஒன்று. பெரிய செட்டில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு பல்ப் சீரியலாக. ஏறக்குறைய முக்கால் அம்பியர் இழுக்கும். இந்தச் சோதனைக்கு முன் சுவர்ப் பக்கத்துச் சீரியல் பல்ப்பைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அது பாதியைத் தின்றுவிடும்.

இப்போது டிசி எவ்வளவு என்று பார்த்த பின், அதே இடத்தில் மீற்றரை ஏசிக்கு மாற்றிப் பாருங்கள். எல்லாரிடமும் இருக்கிற சின்ன டிடி-830 வகை மீற்றரில் இங்கே ஒரு சிக்கல். அது ஏசி அளவில் டிசியைத் தடுக்காது. 35 வோல்ட் டிசியில் வைத்தால் 70க்கு மேல் ஏதோ காட்டும், முள்ளை மாற்றிப் பிடித்தால் பூச்சியம் காட்டும். பார்க்கிறவர் பதறிப்போவார். ஏசி அளவில் டிசியைத் தடுக்கிற மீற்றர் ஒன்றில் பார்த்தால் அலைச்சல் மட்டும் தெரியும்.

எவ்வளவு அலைச்சல் சரி? இழுக்கும் அம்பியரை 100ஆலும் பரட் கணக்கிலான கப்பாசிட்டராலும் பிரியுங்கள். முக்கால் அம்பியர், 4700 மைக்ரோபரட் என்றால் உச்சிக்கும் அடிக்கும் இடையில் ஏறக்குறைய 1.6 வோல்ட். மீற்றரில் அரை வோல்ட் அளவு காட்டும். கணக்கை விட எனக்குப் பிடித்தது ஒப்பீடு. பிளஸ் பக்கம் 0.4, மைனஸ் பக்கம் 1.2 என்றால் மைனஸ் பக்கக் கப்பாசிட்டர் போய்விட்டது. புதிது வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். பெரிய உறைக்குள் சின்னக் கப்பாசிட்டரை வைத்து விற்கிறார்கள், பாரமில்லாமல் இருக்கும். எங்கள் வெக்கைக்கு 105 பாகை என்று எழுதியதையே எடுங்கள்.

வோல்டேஜ் கணக்கில்தான் நிறைய ஐசி சாகிறது. 24-0-24 என்றால் 24ஐ 1.414ஆல் பெருக்கி டயோட்டுக்கு ஒரு வோல்ட் கழித்து ஒவ்வொரு பக்கமும் 33. பாரமில்லாமல் 36 வரை ஏறும். அதற்கு 35 வோல்ட் கப்பாசிட்டர் போடக் கூடாது, 50 வேண்டும். டிடிஏ2030 தாங்குவது பிளஸ் மைனஸ் 18 வரைதான். அதற்கு 15-0-15 கொடுத்தால் பாரமில்லாமல் 22 தாண்டும். ஐசி பழுது என்று சொல்லிக் கொண்டு வருகிற சின்ன செட்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கடைக்காரர் 12-0-12 இல்லை, இதைப் போடுங்கோ என்று கொடுத்திருப்பார். வாங்காதீர்கள்.

இரண்டு பக்கமும் சமனில்லாமல், ஒன்று 20, மற்றது 46 என்று நின்றால், கூட்டினால் சரியாக வருகிறதா பாருங்கள். வந்தால் சென்டர் டேப் வயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. இது ஸ்பீக்கரைக் கொல்லும் பழுது.

ப்ரீ-அம்ப்புக்கு (சிக்னலை முதலில் பெருக்கும் போர்ட்டுக்கு) 7812உம் 7912உம், அதாவது பிளஸ் 12உம் மைனஸ் 12உம் நிலையாகத் தரும் ரெகுலேட்டர்கள், போட்டிருந்தால் ஒரு விஷயம். 7812இன் முதுகுத் தகடு கிரவுண்ட். 7912இன் முதுகு கிரவுண்ட் அல்ல, உள்ளே வரும் மைனஸ். இரண்டையும் ஒரே ஹீட்சிங்கில் மைக்கா வைக்காமல் இறுக்கினால் மைனஸ் பக்கம் கிரவுண்டோடு ஷோர்ட். கால்களின் ஒழுங்கும் இரண்டிலும் வேறு. உள்ளே 14.5 வோல்ட்டாவது வராவிட்டால் 7812 அலைச்சலை அப்படியே வெளியே விடும்.

இரைச்சல்

வோல்டேஜ் எல்லாம் சரி, ஆனால் இரைகிறது என்றால் முதலில் வோலியத்தைப் பூச்சியமாக்குங்கள். இரைச்சலும் அடங்கினால் அது வோலியத்துக்கு முன்னால் இருந்து வருகிறது: வயர், போன், லப்டொப் சார்ஜர். அடங்காவிட்டால் உள்ளே. காதும் உதவும். 50 ஹேர்ட்ஸும் 100 ஹேர்ட்ஸும் ஒரே சுவரம்தான், ஒரு ஸ்தாயி வித்தியாசம். ஆழமான ஊம் என்றால் 50: ட்ரான்ஸ்போமரின் காந்தம் உள்வரும் வயரில் படுகிறது அல்லது கிரவுண்ட் வளையம் (கிரவுண்ட் இரண்டு வழியால் சேர்ந்து வளையமாகிவிடுவது). கொஞ்சம் மேலே, கரகரப்போடு என்றால் 100: கப்பாசிட்டர், அல்லது கிரவுண்ட் எடுத்த இடம் பிழை.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் வீட்டில் கட்டும் செட்களில் முக்கால்வாசி அடிபடுகிறது என்று நினைக்கிறேன். கப்பாசிட்டர் தொடர்ந்து மெதுவாக நிரம்புவதில்லை. ஒவ்வொரு அலையின் உச்சியிலும் ஓரிரு மில்லி விநாடி மட்டும் நிரம்பும். அம்ப் 2 அம்பியர் இழுத்தால், அந்தச் சின்ன நேரத்தில் 10 அம்பியர் அளவு பாயும். அது பாய்கிற வழி, சென்டர் டேப்பில் இருந்து இரண்டு கப்பாசிட்டரும் சேரும் இடம் வரையுள்ள வயர். ஒரு சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் 10 சென்டிமீற்றர் என்றால் 1.7 மில்லி ஓம். 10 அம்பியரில் 17 மில்லிவோல்ட். உள்வரும் சிக்னலின் கிரவுண்டை நீங்கள் சென்டர் டேப் பக்கத்தில் ஈயம் வைத்திருந்தால், அந்த 17 மில்லிவோல்ட் பாட்டோடு சேர்ந்து அம்ப்புக்குள் போய் 30 மடங்காகி அரை வோல்ட்டாக ஸ்பீக்கரில் வரும். கோவிலில் எட்டாத தூரத்தில் கேட்காது. வீட்டு அறையில் தாங்க முடியாது.

திருத்தம் சுலபம். சென்டர் டேப் வயர் நேராக இரண்டு கப்பாசிட்டருக்கும் நடுவில் வரட்டும். அங்கே இருந்து சிறிய துண்டு வயர் ஒன்றை இழுத்து, அதன் நுனியில் ஒரு புள்ளி. ஸ்பீக்கர் கிரவுண்ட், போர்ட் கிரவுண்ட், சிக்னல் கிரவுண்ட், எல்லாம் தனித்தனி வயராக அந்தப் புள்ளிக்கு மட்டும். ஒன்றில் இருந்து மற்றதற்குத் தாவக் கூடாது. இதைச் செய்துவிட்டு மறுபடி கேளுங்கள், புதிய கப்பாசிட்டர் வாங்கும் எண்ணமே போய்விடும்.

இரைச்சலை நிறுத்த ஏர்த் வயரை வெட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்ய வேண்டாம். உள்ளே லைவ் வயர் ஒன்று கழன்று பெட்டியில் பட்டால், கோவிலில் மைக்கைப் பிடிக்கிற ஐயர்தான் முதலில் போவார். இரும்புப் பெட்டி நேராக ஏர்த்துக்கு. சிக்னல் கிரவுண்டை மட்டும் பெட்டியில் இருந்து 10 ஓம் ரெசிஸ்டரால் பிரித்து, அதற்குக் குறுக்காக பிளஸ்ஸும் மைனஸும் சேர்த்து முடிந்த ஒரு 35 அம்பியர் பிரிட்ஜை ஏசி கால்களால் கொழுவுங்கள். வளையமும் அறும், பாதுகாப்பும் நிற்கும்.

2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினபோது பலர் மலிவான இன்வேட்டர் வாங்கினார்கள். அவற்றின் அலை படிக்கட்டு வடிவம். அதில் ஓடினால் ட்ரான்ஸ்போமரே இரையும், டிசியும் வழமையை விடக் குறைந்து நிற்கலாம். அது செட்டின் பழுதல்ல. ஜெனரேட்டரில் கொழுவ முன் மட்டும் பிளக்கில் வோல்டேஜை அளந்து பாருங்கள்.

24 வோல்ட் அடப்டரில் ஓடும் டி-கிளாஸ் அம்ப் போர்ட்களில் டிக் டிக் என்று விட்டு விட்டு அடித்தால் அடப்டர் ஷோர்ட்டைக் கண்டு பின்வாங்குகிறது. போர்ட்டைக் கழற்றியும் அடித்தால் அடப்டரை மாற்றுங்கள். திறக்க வேண்டாம். உள்ளே 325 வோல்ட் டிசி நிரம்பி நிற்கும்.

சப்ளை எல்லாச் சோதனையிலும் நின்றால் சீரியல் பல்ப்பைத் திரும்பப் போட்டு, அம்ப் போர்ட்டைக் கொழுவுங்கள். ஸ்பீக்கர் இன்னும் வேண்டாம். ஸ்பீக்கர் வாயில் டிசி அளந்து 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் பல்ப்பை எடுத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் அதே அளவு என்றால், போனால் கவலைப்படாத ஒரு பழைய ஸ்பீக்கரை முதலில் போடுங்கள். பிளஸ் எவ்வளவு, மைனஸ் எவ்வளவு, பாரத்தோடு எவ்வளவு என்று மூடியின் உள்பக்கத்தில் மார்க்கரால் திகதியோடு எழுதிவிட்டுப் பூட்டுங்கள்.